'ஓம்' வேறு, 'யா' வேறு

"உன்னுடைய சிவம் பயப்படுகிறாராம். அவரை இனி உள்ளே விட முடியாது."

மேலாளர் புரூனோ இதைச் சொன்னபோது நான் கையுறைகளைப் பிரித்து அடுக்கிக்கொண்டிருந்தேன். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை.

நான் சுவிட்சர்லாந்தில் ஓர் அணுமின் நிலையத்தில் துப்புரவு அணித் தலைவியாக இருந்து ஓய்வு பெற்றவள். வருடத்துக்கு ஒருமுறை உலையை நிறுத்திப் பரிசோதிப்பார்கள். அதற்குப் பெயர் 'ரெவிசியோன்'. அந்த வாரங்களில் கதிர்வீச்சுக் கட்டுப்பாட்டுப் பகுதிக்குள் இறங்கித் துடைப்பதும் கழுவுவதும் எங்கள் வேலை. சிவம் என் அணியில் தற்காலிகத் தொழிலாளி. அந்த ரெவிசியோன் நல்லபடி முடிந்தால் நிரந்தர வேலை என்று புரூனோவே சொல்லியிருந்தார். அதை நம்பிச் சிவம் மனைவி பிள்ளைகளோடு பெரிய வீட்டுக்கு மாறியிருந்தான்.

நடந்தது இதுதான். புதிய அணு உலை கட்ட விடுவதா இல்லையா என்று நாடு முழுக்க வாய்ச்சண்டை நடந்துகொண்டிருந்த காலம். ஒரு கட்சி அணு என்றது, இன்னொரு கட்சி சோலர் என்றது. வீட்டைச் சூடாக்கும் எண்ணெய்க் கருவியைக் கழற்றச் சொன்னால் வீட்டுக்காரர்கள் சண்டைக்கு வந்தார்கள். அந்த அமளிக்குள் அணுவை எதிர்க்கும் ஒரு பெண் பாராளுமன்ற உறுப்பினர் நிலையத்தைப் பார்க்க வந்தார். வாசலில் சிவத்தைக் கண்டு, "உங்களுக்கு இங்கே பயம் இல்லையா?" என்று ஜெர்மனில் கேட்டார். சிவம் சிரித்தபடி, ஆம் என்பதற்கு "யா" என்றான்.

யாழ்ப்பாணத்தான் வேறென்ன சொல்வான்? "பயமில்லையோ?" என்று கேட்டால் எங்களுக்கு "ஓம்", அதாவது "ஆம், பயமில்லை". ஜெர்மன் பேசுகிறவருக்கு அந்த இடத்தில் "நைன்", அதாவது "இல்லை", வரவேண்டும். சிவத்தின் "யா" அந்த அம்மாவின் காதில் "பயம் இருக்கிறது" என்று விழுந்துவிட்டது. மறுநாள் மேடை விவாதத்தில், "உள்ளே வேலை செய்கிறவரே பயப்படுகிறார்" என்று சொல்லிவிட்டார். பெயரைச் சொல்லவில்லை. ஆனால் வாசலில் புரூனோவும் நின்றவர்.

எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. சிவத்தைக் கூட்டிவந்து புரூனோவுக்கு முன்னால் நிறுத்தினேன்.

"அப்படியென்றால் உனக்குப் பயம் இல்லையா?" என்று புரூனோ கேட்டார்.

"யா," என்றான் சிவம்.

"பார்த்தாயா?" என்று புரூனோ என் பக்கம் திரும்பினார்.

"ஐயோ கடவுளே, வாயை மூடடா!" என்று தமிழில் கத்திவிட்டேன்.

பிறகு எங்கள் 'ஓம்' எப்படி வேலை செய்கிறது என்று விளக்கினேன். புரூனோ விழுந்து விழுந்து சிரித்தார். சிரித்து முடிந்ததும், "நல்லது. 'எனக்குப் பயமே இல்லை' என்று அந்த உறுப்பினருக்கு மறுப்பாக ஒரு வீடியோவில் சொல்லட்டும். நிரந்தர வேலையை நான் பார்த்துக்கொள்கிறேன்" என்றார்.

சிவம் என்னைப் பார்த்தான். "அக்கா, அப்பிடிச் சொல்ல ஏலாது."

"ஏனடா? நீதானே பயமில்லை எண்டு சொன்னனீ?"

"வேலைக்குப் பயமில்லை. எல்லாம் அளந்து பாத்துத்தானே உள்ள விடுகினம். ஆனா இந்தக் கழிவை எங்க கொண்டுபோய் வைக்கப்போகினம்? அதை நினைக்கப் பயம். சோலரை மட்டும் நம்பினா மார்கழிப் பனிப்புகாருக்க கறண்டுக்கு எங்க போறது? அதுக்கும் பயம். வீட்டில எண்ணெய் எரியுது. எங்கயோ சண்டையெண்டா இங்க விலை ஏறுது. இதில எதுக்கு நான் பயமே இல்லை எண்டு சொல்ல?"

ஒரு சொல் விடாமல் மொழிபெயர்த்தேன். புரூனோ கையில் எடுத்த போனைத் திரும்பப் பைக்குள் போட்டார். பிறகு, "வீடியோ வேண்டாம். நாளைக்கு வேலைக்கு வரட்டும்" என்றார். நிரந்தர வேலையைப் பற்றிக் கேட்டேன். "பார்ப்போம்" என்றார். அந்த முறை அது கிடைக்கவில்லை. அடுத்த ரெவிசியோனுக்குப் பிறகுதான் கிடைத்தது. அந்த ஒரு வருடத்தை நினைத்தால் எனக்கு இப்போதும் கோபம் வரும்.

இளையவர்களுக்கு நான் சொல்லக்கூடியது ஒன்றுதான். வேலையிடத்தில் 'இல்லையா', 'இல்லையே' என்று முடிகிற கேள்வியைக் கேட்காதீர்கள். "டோசிமீட்டர் மறக்கேல்லையே?" என்று கேட்டால் வருகிற ஓமை நம்ப முடியாது. கதிர்வீச்சை அளக்கிற கருவி அது, விளையாட்டில்லை. "எங்க டோசிமீட்டர்? காட்டு" என்றுதான் அன்று முதல் கேட்டேன்.

புரூனோவிடம் பேசிய அன்று பின்னேரம் பஸ் தரிப்பிடத்தில் சிவத்தைத் தேற்றப் பார்த்தேன். "விடடா. அணு உலைக்கு வாக்கெடுப்பு வரும்தானே, உன்ர எண்ணத்தை அங்க போடு."

"அக்கா, வாக்குப் போட எனக்கு இன்னும் ஸ்விஸ் பாஸ்போர்ட் கிடைக்கேல்லை," என்றான். "ரெண்டு பகுதியும் என்ர வாயைத்தான் கேக்கினம். வாக்கை ஒருத்தரும் கேக்கேல்லை."