குழாயின் அடியில் நின்ற சாம்பல்

பிரஷாந்தினி ரீச்சர் ஒரு பரிசோதனைக் குழாயை முதன்முதலில் கையில் எடுத்தது, ஆசிரியராவதற்காகக் கல்வியியற் கல்லூரிக்குப் போன பிறகுதான். அதற்கு முன்பு அதை ஆண்டுக்கணக்கில் வரைந்திருக்கிறார். இரண்டு நேர்கோடுகள், கீழே ஒரு வளைவு. அப்படி வரைந்தே சாதாரண தரப் பரீட்சையில் விஞ்ஞானத்துக்கு ஏ சித்தி எடுத்தவர். "கையில வச்சுப் பாத்தால் பாரமே இல்லை. இதுக்கோ இவ்வளவு பயந்து பயந்து வரைஞ்சனான் எண்டு இருந்தது" என்று சொல்லிச் சிரிப்பார்.

யாழ்ப்பாணத்திலிருந்து வந்து துணுக்காய்ப் பக்கத்தில் குளத்துக்குக் கீழே வயல் காணி பெற்ற குடும்பம் அவருடையது. அவர் படித்த காலத்தில் பாடசாலை இடம்பெயர்ந்துகொண்டே இருந்தது. கரும்பலகையைச் சைக்கிளில் கட்டிக் கொண்டுபோனார்கள். கண்ணாடிச் சாமான்கள் எங்கோ வழியில் நின்றுவிட்டன. போர் முடிந்து, நியமனம் கிடைத்து, வீட்டிலிருந்து சைக்கிளில் போய்வரக்கூடிய ஒரு பாடசாலைக்கு வந்தபோது, ஆய்வுகூடம் என்று எழுதிய அறையில் இரண்டு மேசைகளும் ஒரு அலுமாரியும் இருந்தன. அலுமாரிக்குள் குழாய்கள் இருந்தன. அவற்றை அவர் பூட்டிவைக்கவில்லை.

இந்த மாசியில் ரீச்சர் காலமானார். மார்பில் வந்த புற்றுநோய்.

அவருடைய அறைக்கும் நான் வரலாறு படிப்பிக்கும் வகுப்புக்கும் இடையில் அரைச்சுவர்தான். என் பிள்ளைகளின் பாதிக் காது எப்போதும் அந்தப் பக்கம் இருக்கும். புத்தகத்தில் ஒரு பக்கத்தில் முடிகிற விடயத்துக்கு அங்கே இரண்டு பாடவேளை போகும். புத்தகத்தில் இருக்கிற முடிவைப் பார்த்தெழுதிய பிள்ளைக்குப் புள்ளி குறையும். பிழையான முடிவு வந்து, வந்ததை வந்தபடி எழுதிய பிள்ளைக்குக் குறையாது. "கண்டதை எழுது. காணாததைப் பிறகு பாப்பம்" என்பார்.

இதனால் பாடத்திட்டம் பின்தங்கியது. ஒரு வருடம் விஞ்ஞானத்தில் சித்தி எண்ணிக்கை விழுந்ததும் அதிபர் முத்துலிங்கம் அவரைக் கூப்பிட்டார். அதிபர் கெட்டவரல்ல. விஞ்ஞானத்தில் தவறினால் எங்கள் பிள்ளைகளுக்குப் பல கதவுகள் மூடிவிடும் என்ற பயம் அவருக்கு. சாதாரண தரப் பரீட்சை எழுதும் பதினோராம் தரத்தைக் கிருசாந்தன் சேரிடம் கொடுக்கலாமோ என்று யோசிப்பதாகச் சொன்னார். கிருசாந்தன் கடந்தகால வினாத்தாள்களைச் செய்வித்தே பிள்ளைகளைக் கரைசேர்க்கிறவர். வலயக் கல்வி அலுவலகத்திலிருந்து ஆசிரிய ஆலோசகர் வந்து ஒரு பாடம் பார்ப்பார், அவர் சொல்வதை வைத்து முடிவெடுப்போம் என்றார்.

ரீச்சர் அன்று இடைவேளைக்குத் தேநீர் குடிக்கவில்லை. அந்த வகுப்பை ஆறாம் தரத்திலிருந்து கூட்டிக்கொண்டு வந்தவர் அவர். பரீட்சை வரைக்கும் தானே கொண்டுபோய் விடவேண்டும் என்பதுதான் அவருக்கு இருந்த ஆசை.

ஆலோசகர் வந்த நாளில் பாடம் அமிலமும் காரமும். செவ்வரத்தம்பூவை அவித்து எடுத்த சாறுதான் நிறம் மாறிக் காட்டும் காட்டி. அமிலத்தில் சிவக்கும், காரத்தில் பச்சையாகும், இரண்டும் இல்லாத நீரில் மங்கிய ஊதாவாக நிற்கும். எங்கள் கிணற்றுத் தண்ணீர் சுண்ணாம்புத் தண்ணீர் என்பதால், மாரியில் பிடித்துவைத்த மழைத்தண்ணீரை வீட்டிலிருந்து போத்தலில் கொண்டு வந்திருந்தார். முதலில் தேசிக்காய்ப் புளி, பிறகு சவர்க்காரத் தண்ணீர், பிறகு மழைத்தண்ணீர், கடைசியில் அமிலத்தையும் காரத்தையும் கலந்து நடுநிலையாக்கல். ஆலோசகர் கடைசிக் கதிரையில் படிவத்தோடு இருந்தார்.

புளி சிவந்தது. சவர்க்காரத் தண்ணீர் பச்சையானது. மழைத்தண்ணீரும் பச்சையானது.

முன்வரிசையில் சிலர் ஆலோசகரைத் திரும்பிப் பார்த்துவிட்டுக் கொப்பியில் 'ஊதா' என்று எழுதத் தொடங்கினார்கள். ரீச்சரைக் காப்பாற்றத்தான். அவர் அதைக் கண்டுவிட்டார்.

"ஆர் ஊதாவைக் கண்டது? கையை உயர்த்துங்கோ."

ஒருவரும் உயர்த்தவில்லை.

"அப்ப வெட்டுங்கோ. பச்சை எண்டு எழுதிப்போட்டு, ஏன் பச்சை எண்டு பாப்பம்."

அந்த இடத்தில் அவர் ஒரு வார்த்தை சொல்லி அடுத்த பகுதிக்குப் போயிருக்கலாம். போகவில்லை. தண்ணீர் பிழையோ என்றார்கள் பிள்ளைகள். ஆலோசகர் குடிக்கவென்று வைத்திருந்த போத்தல் தண்ணீரைக் கேட்டு வாங்கிக் குழாயில் விட்டுப் பார்த்தார்கள். அதுவும் பச்சை. பூவில் பிழையோ என்றார்கள். பூவில் பிழையென்றால் புளி எப்படிச் சிவந்தது என்று அவர்களே மறுத்தார்கள். செந்தூரன் என்ற பெடியன், ஆலோசகருக்குத் தேநீர் கொடுத்த கிளாசோடு முன்பே கழுவிக் கவிழ்த்திருந்த இன்னொரு கிளாசில் செய்து பார்க்கலாம் என்றான். அதிலும் இலேசான பச்சை. கடைசியில் யாரோ புதிய பிளாஸ்டிக் யோகட் கோப்பையொன்றைக் கொண்டுவந்தார்கள். அதில் மழைத்தண்ணீர் ஊதாவாக நின்றது.

பிழை பாத்திரத்தில்தான் என்று தெரிந்தது. அப்போது பின்னாலிருந்து மேனுகா எழுந்தாள். அழுகிற முகம்.

"நான்தான் ரீச்சர் எல்லாத்தையும் கழுவினனான். சாம்பலாலை."

வெளியாட்கள் வரப்போகிறார்கள், குழாய்களோ கறைபிடித்துக் கிடக்கின்றன. வீட்டில் விருந்தினருக்கு எடுக்கிற பாத்திரத்தைச் சாம்பலும் தேங்காய்த் தும்பும் போட்டுத்தானே விளக்குவார்கள். மதிய உணவு சமைக்கிற அடுப்பில் சாம்பல் எடுத்து, குச்சியில் தும்பைச் சுற்றிக் குழாய்களையும், தேநீர்க் கிளாசுகளையும் விளக்கி, மணி அடிக்கப்போகிறதென்று எல்லாவற்றையும் ஒரே வாளித் தண்ணீரில் முக்கி எடுத்திருக்கிறாள். வாய் ஒடுங்கிய குழாயின் அடியில் சாம்பல் நின்றுவிட்டது. புளி அதை மீறிச் சிவந்துவிட்டது, வெறும் தண்ணீரால் முடியவில்லை.

ஆலோசகர் பின்னாலிருந்து கேட்டார்: "அப்ப எனக்குத் தந்த தேத்தண்ணியும் சாம்பலோடதானோ பிள்ளை?"

வகுப்பு சிரித்தது. என் வகுப்பும் சிரித்தது. மேனுகாவும் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். சாம்பல் அமிலமா காரமா என்று ரீச்சர் கேட்டார். பிள்ளைகள் எல்லோரும் ஒரே குரலில் சொன்ன பதில் அரைச்சுவருக்கு இந்தப் பக்கமும் கேட்டது. அதோடு மணி அடித்தது.

நடுநிலையாக்கலுக்கு அவர் வரவேயில்லை.

போகும்போது ஆலோசகர் வாசலில் நின்று, "நல்ல பாடம் ரீச்சர். ஆனால் முடியாத பாடம்" என்றார்.

"ஓம் சேர். நாளைக்கு முடிப்பன்."

படிவத்தில் முடிந்ததா இல்லையா என்பதற்குத்தான் இடம் இருந்தது. இரண்டாம் தவணையிலிருந்து பதினோராம் தரம் கிருசாந்தனிடம் போனது. ரீச்சர் சண்டை பிடிக்கவில்லை. பிள்ளைகளுக்குச் சித்தியும் வேண்டும்தானே என்றார். முதல் தவணைக்கான பாடசாலை மட்டக் கணிப்பீட்டுப் புள்ளிகளைத் தான்தான் போடவேண்டும் என்று மட்டும் அதிபரிடம் கேட்டு வாங்கினார். அதில் மேனுகாவுக்கு வகுப்பிலேயே கூடிய புள்ளி.

அதிபர் கூப்பிட்டு, பரிசோதனையைக் கெடுத்த பிள்ளைக்கு எப்படி இவ்வளவு என்று விசாரித்தார்.

"மற்றப் பிள்ளையள் பிழையைக் கண்டவை, சேர். அவள் காரணத்தைச் சொன்னவள். அவள் வாய் திறக்காட்டில், இண்டைக்கும் நாங்கள் பூவைத்தான் பேசிக்கொண்டிருப்பம்."

அதிபர் கையொப்பம் வைத்தார்.

அந்த வருடம் விஞ்ஞானத்தில் முன்னையைவிடக் கூடுதலான பிள்ளைகள் சித்தியடைந்தார்கள். ரீச்சரும் சந்தோசப்பட்டார். கிருசாந்தனுக்குக் கைகொடுத்துவிட்டு, ஆறாம் தரப் பிள்ளைகளோடு குளக்கட்டுக்கு இலை பொறுக்கப் போனார். அடுத்த வருடம் பதினோராம் தரத்தைத் தரும்படி கேட்டார். அதற்கடுத்த வருடமும் கேட்டார். பிறகு அவருக்கு அந்தப் புற்றுநோய் வருத்தம் வந்துவிட்டது.

ரீச்சரின் செத்தவீட்டில் அடுப்பு மூட்டவில்லை. அயல் வீடுகளிலிருந்து தேநீர் வந்தது. வந்த சனத்துக்குக் கிளாஸ் போதாமல், குடித்ததைக் கழுவிக் கழுவிக் கொடுக்கவேண்டியிருந்தது. கிணற்றடியில் இருந்து கழுவியது மேனுகா. வவுனியாவிலிருந்து விடியற்பஸ்ஸில் வந்தவள், உடுப்புக்கூட மாற்றாமல் அங்கே போய்க் குந்திவிட்டாள். பக்கத்தில் பழைய அடுப்புச் சாம்பல் கிடந்தது. விளக்கிய கிளாசை அலம்பி, தண்ணீரை ஊற்றி, புதுத்தண்ணீர் அள்ளி மறுபடி அலம்பி, வெளிச்சத்துக்குப் பிடித்து உள்ளே பார்த்தாள். பிறகு இன்னொரு தரம் அலம்பினாள்.

தட்டோடு காத்துநின்ற பெண்ணுக்குப் பொறுமை போய்விட்டது. "காணும் பிள்ளை, சனம் பாத்துக்கொண்டு நிக்குது. எத்தினை தரம்தான் அலம்புவாய்?"

மேனுகா நிமிரவில்லை.

"அடியில நிக்கும், அன்ரி."