வலது இடுப்பில் ஓர் அங்குலம்

என் அண்ணனின் மகன் மிச்சிகனில் இருக்கிறான். நாற்பத்திரண்டு வயது. கார் கொம்பனி ஒன்றில் கொம்பியூட்டர் வேலை, வாசலில் கமரா பூட்டிய வீடு. அவனைக் கொல்ல இந்த உலகத்தில் ஏதாவது காத்திருக்கிறதென்றால் அது அவன் பின்னேரங்களில் தின்கிற மிக்சர்தான். போன கோடையில் ஸ்காபரோவில் ஒரு கலியாணத்துக்கு மனைவியோடும் நான்கு வயது மகளோடும் வந்தவன், மல்வேர்னில் இருக்கிற என் வீட்டுக்கு ஒரு கோட்டும் ஒரு பையுமாக வந்தான்.

நான் முப்பது வருடமாக வீட்டில் தையல் வேலை செய்கிறேன். பெரும்பாலும் சேலைச் சட்டைகள். ஆம்பிளைகளின் உடுப்பென்றால் அளவுக்குப் பழைய உடுப்பு ஒன்றை வாங்கி வைத்துக்கொள்வேன். ஓர் ஆம்பிளையின் இடுப்பைச் சுற்றி நாடா பிடிக்க எனக்குக் கூச்சம். அவனிடமும் அதைத்தான் கேட்டேன். அது இதற்குச் சரிவராது என்று சொல்லிவிட்டு, பையிலிருந்து மூன்று நீலப் பிளாஸ்டிக் துவக்குகளை எடுத்து என் வெட்டு மேசையில் அடுக்கினான்.

உண்மையான பிஸ்டல்களை எல்லையில் விடமாட்டார்களாம். இவை அதே அளவில் வார்த்து, பயிற்சிக்கு விற்கிறவையாம். அங்கே அவனிடம் லைசென்ஸ் இருக்கிறது, உடுப்புக்குள் மறைத்துக்கொண்டு கடைக்கும் போகலாம். கோட்டின் வலது இடுப்பைத் தளர்த்தி, உள்ளே தடித்த துணி வைத்து, உருவம் தெரியாமல் நான் தைத்துத் தரவேண்டும். அங்கே தையல்காரர் இல்லையா என்று கேட்டேன்.

“ஒருத்தருக்கும் தெரியக்கூடாதெண்டுதானே மாமி உது. நீங்கள் வாய் திறக்கமாட்டியள்.”

அது உண்மைதான். கேட்டதைத் தைத்துக் கொடுத்துவிட்டுப் பேசாமல் இருப்பேன். கலியாணத்தைச் சாட்டி, என் வாயை நம்பி நாலரை மணித்தியாலம் கார் ஓடி வந்திருக்கிறான்.

பிறகு விளக்கம் தொடங்கினான். பெரியது கைக்கு நிறைவாக இருக்கும், சுடும்போது துள்ளாது, ஆனால் உடுப்பைத் தள்ளிக்கொண்டு நிற்கும். சின்னது நன்றாக மறையும், ஆனால் சுண்டுவிரலுக்கு இடமில்லை, அதனால் குறி விலகும். நடுவானது இரண்டுக்கும் பரவாயில்லை, பிடிதான் வேர்வையில் வழுக்கும். ஒவ்வொன்றையும் கையில் ஏந்தி, திருப்பி, தடவிச் சொன்னான். கூறைச்சேலை எடுக்க வருகிற பெண்கள்கூட இவ்வளவு கதைப்பதில்லை. சண்டைக் காலத்தில் ஊரில் துவக்கு வைத்திருந்தவர்களை நான் எல்லாப் பக்கத்திலும் கண்டிருக்கிறேன். அது கைக்குச் சுகமாக இருக்கிறதென்று ஒருவரும் சொல்லிக் கேட்டதில்லை.

போனில் படமும் காட்டினான். கடதாசியில் ஒரு மனித உருவம், நெஞ்சில் சில ஓட்டைகள், மிச்சம் உருவத்துக்கு வெளியே. எவ்வளவு தூரத்திலிருந்து என்று கேட்டேன். ஏழு யார், இருபத்தோர் அடி என்றான். ஒரு சேலை ஆறு யார். சேலையை விரித்து அதற்கு ஒரு யார் அப்பால், அசையாமல் நிற்கிற கடதாசி மனிதனில் பாதிச் சூடு பட்டதற்கு இவ்வளவு பெருமை. எனக்கு எழுபத்தொரு வயது. ஊசிக்குள் நூல் இன்னும் முதல் தரத்திலேயே போகிறது. அதை நான் படமெடுத்து வைத்துக்கொள்ளவில்லை.

தேத்தண்ணி போடப் போனபோது அவன் மனைவி பின்னால் வந்தாள். துவக்கு வீட்டில் இருக்கிறதே அவளுக்குப் பயமாம், இனி அது எந்நேரமும் அவன் உடம்பில் இருக்கப்போகிறதாம்.

“உங்களாலை ஏலாதெண்டு சொல்லிவிடுங்கோ மாமி. நான் சொன்னால் சண்டைதான் வரும்.”

பார்ப்பம் என்று மட்டும் சொன்னேன்.

உடுப்புத் தைக்க வருகிற எவரையும் நான் கதிரையில் உட்காரச் சொல்வேன், குனியச் சொல்வேன், கையைத் தூக்கச் சொல்வேன். நின்றபடி பார்த்தால் எந்த உடுப்பும் அழகுதான். அவனையும் அப்படிச் செய்வித்தேன். கோட்டைப் போட்டு, பெரியதை வலது இடுப்பு வாரில் செருகிக்கொண்டு கதிரையில் இருந்தான். அதன் பிடியின் அடிப்பக்கம் வயிற்றில் குத்த, மூச்சைப் பிடித்துக்கொண்டு விறைத்துப்போய் இருந்தான். சின்னதோடு கையைத் தூக்கினான், கோட் மேலே போய் எல்லாம் வெளியே தெரிந்தது. நடுவானதோடு சப்பாத்துக் கயிறு கட்டக் குனிந்தபோது அது நழுவி நிலத்தில் விழுந்தது. கள்ளன் வந்தால் கொஞ்சம் பொறுக்கச் சொல்லவேண்டும்போல. ஆனாலும் நடுவானதுதான் நல்லதென்று முடிவெடுத்தான். நான் சோக்கட்டியால் கோடு போட்டு, ஓர் அங்குலம் தளர்த்திக் குண்டூசி குத்தினேன்.

அப்போது மகள் ஓடிவந்து கையைத் தூக்கினாள். பழக்கத்தில் தூக்கி வலது இடுப்பில் வைத்தான். பிள்ளையின் தொடை பிளாஸ்டிக்கில் அடிபட்டது. அவள் சிணுங்கினாள். இடப்பக்கம் மாற்றினான். அவள் இருக்காமல் வழுகி இறங்கி, மறுபடி வலப்பக்கம் போய் நின்று கையைத் தூக்கினாள்.

அப்படியென்றால் அதை மற்றப் பக்கம் வைக்கலாமே என்றேன்.

“வலக்கையாலை எடுக்கவேணும் மாமி, அதை மாத்தேலாது. பிள்ளையை மற்றப் பக்கம் பழக்கலாம்.”

பகிடியாகச் சொல்லவில்லை. கணக்குப் பார்த்துத்தான் சொன்னான்.

நான் கோட்டிலிருந்த குண்டூசிகளை ஒவ்வொன்றாகக் கழற்றினேன். உது சரிவராது தம்பி என்றேன். அவன் கோபப்படவில்லை. எனக்கு வயது போய்விட்டது, இப்படியான வேலை பழக்கமில்லை, பரவாயில்லை என்று அன்பாகவே சொன்னான். அவன் மனைவி நிலத்தைப் பார்த்துக்கொண்டு இருந்தாள். அவள் கேட்ட பொய்யை அவனே என் வாய்க்குள் வைத்துவிட்டான். தலையை ஆட்டினால் போதும், பிசகில்லாமல் முடிந்துவிடும். என்னால் முடியவில்லை.

“எனக்கு ஏலும். ஒரு மணித்தியால வேலை. தைக்கமாட்டன்.”

ஏன் மாமி என்று சிரித்தான்.

“அது பிள்ளை இருக்கிற பக்கம்.”

அவன் துவக்குகளைப் பையில் போட்டுக்கொண்டு, தேத்தண்ணியைக் குடியாமல் போனான். அடுத்த நாள் அண்ணை போன் எடுத்து, மகனை அவமானப்படுத்திவிட்டேன் என்று ஏசினார்.

மார்கழியில் அவன் மனைவி ஒரு படம் அனுப்பினாள். ஏதோ விருந்து. அவன் அதே கோட்டோடு நிற்கிறான். பிள்ளை இடது இடுப்பில் இருக்கிறாள். எவரோ தைத்துக் கொடுத்திருக்கிறார். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். உள்துணி சுருங்கி, வலப்பக்கம் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு நிற்கிறது. கேவலமான தையல்.