பதினேழாம் நம்பர் வீட்டில் இரண்டு முத்துக்கருப்பன்

கோயில் பார்க்கவோ குளம் பார்க்கவோ நான் இந்தப் பயணம் போகவில்லை. பொறாமையால் போனேன். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் பாதிக் கட்டுரை வரை என்னை நல்லவன் என்று நம்பி ஏமாந்துபோவீர்கள்.

1956 மே 21, திங்கட்கிழமை. காலை ஆறேகாலுக்குத் தஞ்சாவூரில் புதுக்கோட்டை பஸ் ஏறினேன். முப்பத்தாறு மைல், கட்டணம் ஒரு ரூபாய் இரண்டணா. பக்கத்தில் உட்கார்ந்தவர் என் முகத்தை வல்லம் வரை பார்த்துக்கொண்டே வந்தார். பிறகு மெதுவாக, "சார் நேபாளங்களா?" என்றார்.

"இல்லை. அரிமளம் பக்கம்" என்றேன்.

அவர் நம்பவில்லை. அவரைக் குறை சொல்ல முடியாது. என் அம்மா மா கின், மோல்மேனில் பிறந்த பர்மியப் பெண். அப்பா சாத்தப்பன், அரிமளத்துக்கு அப்பால் மூன்று மைலில் உள்ள ஒரு கிராமத்திலிருந்து லேவாதேவிக் கடைக்காக மோல்மேனுக்கு வந்தவர். ஊரில் அவருக்கு ஏற்கெனவே மனைவி உண்டு. எனக்கு எட்டு வயது நடக்கும்போது, ஆறு மாதத்தில் வருகிறேன் என்று கப்பலேறிப் போனார், வரவில்லை. அம்மா இறந்தாள், யுத்தம் வந்தது, நான் எப்படியோ தஞ்சாவூர் வந்து சேர்ந்து இப்போது டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட் நடத்துகிறேன்.

இரண்டு வருஷத்துக்கு முன்பு வாசல் போர்டில் 'சா. முத்துக்கருப்பன்' என்று பார்த்த ஒருவர், "இதே பேர்ல, இதே இனிஷியல்ல எங்க ஊர்ப்பக்கம் ஒருத்தர் இருக்காரே" என்றார். விசாரித்ததில், அது அப்பாவுக்கு ஊர் மனைவியிடம் பிறந்த மகன், அப்பா காலமாகிவிட்டார் என்று தெரிந்தது. என்னைவிட இரண்டு வயது இளையவன். மூத்த மகனுக்குத் தாத்தா பெயரை வைப்பது அந்தப் பக்கத்துக் குடும்பங்களின் வழக்கம். அப்பா அந்தப் பெயரை எனக்கு வைத்தார். இரண்டு வருஷத்தில் விடுப்பில் ஊருக்குப் போனவர் அதையே அவனுக்கும் வைத்துவிட்டார். அன்றிலிருந்து எனக்குச் சரியாகச் சாப்பாடு இறங்கவில்லை. என் பெயரை வைத்துக்கொண்டு ஒருவன் என் அப்பாவின் வீட்டில் காலாட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான் என்று நினைத்தாலே வயிறு எரியும்.

அப்பா என்னை மகன் என்று எங்காவது, ஒரு வரியாவது, எழுத வைத்திருக்கிறாரா? எனக்குத் தெரிய வேண்டியது அது ஒன்றுதான். 1931 ஜனத்தொகைக் கணக்கின்போது அவர் ஊரில்தான் இருந்தார். அந்தக் கணக்கில் வீடு வீடாகப் பெயர் எழுதினார்கள் என்று என்னிடம் படித்த ஒரு பையன் சொல்ல, புறப்பட்டுவிட்டேன். தம்பியிடமே போய்க் கேட்கலாமே என்று என் மனைவி கமலம் சொன்னாள். அதைவிட நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் என்றேன்.

கந்தர்வகோட்டையில் பஸ் பத்து நிமிஷம் நின்றது. ரோட்டோரம் முந்திரிப் பழம் குவித்து விற்றார்கள். அரையணாவுக்கு ஆறு வாங்கித் தின்றேன். தொண்டை கரகரத்ததுதான் மிச்சம். அங்கிருந்து புதுக்கோட்டை வரை செம்மண்ணும் வற்றிய கண்மாய்களும்தான். ஒன்பதுக்கு ஐந்து நிமிஷம் இருக்கையில் இறங்கினேன்.

புதுக்கோட்டையில் வீதிகள் நேர்கோடு போட்டதுபோல் இருக்கின்றன. சமஸ்தானம் போய் எட்டு வருஷமாகியும் ஊருக்கு ராஜா வீட்டு மிடுக்கு குறையவில்லை. அதுவும் எனக்குப் பொறாமையாகத்தான் இருந்தது. சொல்லிக்கொள்ள ஓர் ஊர் இருந்தால் இப்படியல்லவா இருக்க வேண்டும்! ஆபீஸ் ஒன்றில் ஒரு குமாஸ்தா பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். "வீட்டு லிஸ்டெல்லாம் இங்க வச்சிருக்கிறதில்லைங்க. எண்ணிக்கையை எடுத்துக்கிட்டாத் தாளுக்கு வேலையில்ல. சில ஊர்ல ஊர்க்கணக்கு எழுதுற கர்ணம் ஒரு நகல் எழுதி வீட்டுல வச்சிருப்பாரு. அங்கிட்டுப் போயிப் பாருங்க" என்றார்.

பகல் 10.40க்கு அரிமளம் பஸ். பதினொரு மைல், ஆறணா. அரிமளத்திலிருந்து ஒற்றை மாட்டு வண்டி. பேரம் பேசி எட்டணா. வண்டிக்காரருக்கு ஐம்பது வயதிருக்கும்.

"யாரு வீட்டுக்குங்க?"

"கர்ணம் வீட்டுக்கு."

"நெலத் தகராறா? அப்படின்னா முத்துக்கருப்பன் அண்ணன் வீட்டுக்குப் போங்க. ரெண்டு பக்கத்தையும் ஒக்காத்தி வச்சுப் பேசி முடிச்சிரும். தங்கமான மனுசன். அவுக அப்பாரு போனதுலேருந்து இந்த ஊருக்கே அதுதான் மூத்த பிள்ளை மாதிரி."

மூத்த பிள்ளையாம்! நான் மாட்டின் முதுகைப் பார்த்துக்கொண்டு வந்தேன். அந்த மூன்று மைலில் அவர் எட்டுத் தடவை 'முத்துக்கருப்பன் அண்ணன்' என்றார். ஒவ்வொரு தடவையும் என்னைக் கூப்பிடுவதுபோலவே இருந்தது, ஆனால் ஒன்றுகூட எனக்கு இல்லை.

கர்ணம் வீட்டை அடையும்போது மணி ஒன்று. வந்த காரியத்தைச் சொன்னேன். அவர் என் பெயரைக் கேட்டார், அப்பா பெயரைக் கேட்டார், கண்ணாடியை மாட்டிக்கொண்டு என் முகத்தைப் பார்த்தார். பிறகு யாரையோ கூப்பிட்டு, "அண்ணனைக் கையோட வரச் சொல்லு" என்று அனுப்பினார். எந்த அண்ணன் என்று நான் கேட்கவில்லை. உள்ளே போய்ப் பரணிலிருந்து நகல் எழுதிய ஒரு நீளப் புத்தகத்தை இறக்கித் தூசி தட்டிக் கொண்டுவந்தார். 1931ல் அந்த ஊருக்குக் கணக்கெடுத்தவரே அவர்தான். அப்போது இளவட்டம்.

"மொதல்ல ஒரு மாசம் முந்தி கறுப்பு மையில எல்லாரையும் எழுதிருவோம். அப்புறம் குறிச்ச ராத்திரியில வெளக்கோட வீடு வீடாப் போகணும். இல்லாதவகளைச் சிவப்பு மையில அடிக்கணும், புதுசா வந்தவகளைச் சேக்கணும். இதான் முறை" என்று சொல்லிப் பக்கத்தைப் புரட்டினார்.

வீட்டு எண் 17. நான்கு வரிகள். சாத்தப்பன், குடும்பத் தலைவர். அடுத்து அவர் மனைவி. மூன்றாவது, முத்துக்கருப்பன், மகன், வயது 8. நான்காவது, முத்துக்கருப்பன், மகன், வயது 6. இந்த நான்காவது வரியின்மேல் சிவப்பு மையில் ஒரு கோடு.

எட்டு வயது நான். அடிபட்டிருப்பது அவன்!

உண்மையைச் சொல்கிறேன், எனக்குப் பரம சந்தோஷம். எழுந்து ஆடலாம்போல் இருந்தது. அப்பா எழுத வைத்திருக்கிறார், என்னை வைத்துக்கொண்டு அவனை அடித்திருக்கிறார் என்று அந்த ஒரு நிமிஷம் முழுக்க நம்பினேன். கர்ணம் என் முகத்தைப் பார்த்துப் புரிந்துகொண்டார்.

"அவசரப்படாதீங்க. ஒங்கப்பாரு வாசல்ல நின்னு 'ஒரு மகன்'னுதான் சொன்னாரு. உள்ளேயிருந்து அவுக வீட்டு ஆச்சி, 'ரெண்டுன்னு எழுதச் சொல்லுங்க'ன்னுச்சு. இவரு, 'சும்மா இரு'ன்னாரு. 'மூத்தது ஒண்ணு இருக்கையில எளையதை மூத்ததுன்னு எழுதுனா எம் பிள்ளைக்கு ஆகாது. பெட்டியில பேரும் பொறந்த வருசமும் எழுதி நீங்க வச்சிருக்க படத்தை நான் பாக்கலையா?'ன்னு கேட்டுச்சு. அதுக்கு மேல அவரு பேசல. ஆச்சி சொன்னபடி நான் எழுதிட்டேன்."

"அப்புறம் ஏன் இந்த வரியை அடித்தீர்கள்?"

"அது என் தப்புங்க. அந்த ராத்திரிக்குள்ள எம்பது வீடு பாக்கணும். வெளக்கு வெளிச்சத்துல ஒரே வீட்டுல ஒரே பேரு ரெண்டு வாட்டி இருக்கு. முந்தி நடந்தது நெனைவில்ல. நாமதான் தவறி ரெண்டு தடவை எழுதிட்டோம்னு கீழ இருந்ததை அடிச்சுப்புட்டேன். காலையில நெனைவு வந்துச்சு. அதுக்குள்ள தாள் போயிருச்சு, நகலையும் அப்படியே விட்டுட்டேன்."

எனவே, ஊரில் இல்லாத நான் அந்தச் சமஸ்தானத்துக் கணக்கில் ஏறிவிட்டேன். பாயில் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தவன் ஏறவில்லை. இதில் அப்பாவுக்கு ஒரு பங்கும் இல்லை. அவர் சொன்னது 'ஒரு மகன்'. நான் கேட்க வந்ததற்குப் பதில் கிடைத்துவிட்டது.

அப்போதுதான் அவன் வந்தான். அப்பாவின் நெற்றி, அப்பாவின் நடை. எனக்குக் கிடைக்காதது எல்லாம் செருப்பைக் கழற்றிவிட்டுப் படியேறி வந்தது.

"நீங்கதானா அது?" என்றான். குரலில் உபசாரம் இல்லை. "பதினெட்டு வயசுல ஒரு வேலைக்கு வயசு காட்ட இந்தப் புத்தகத்தைப் பாத்தோம். நீங்க இருந்தீங்க, நான் இல்ல. அதுகூடப் பரவாயில்ல. விசேஷம்னா எங்க ஆத்தா மூத்தவனுக்குன்னு ஒரு எலை போடும். எல்லாம் பரிமாறும். நான் பக்கத்துல ஒக்காந்து அதைப் பாத்துக்கிட்டே திம்பேன். அந்த எலையில வச்ச அப்பளத்துமேலகூட எனக்குப் பொறாமை. சாகுறவரைக்கும் போட்டுச்சு."

அப்பாவை முழுசாக வைத்திருந்தவன், ஒரு வெறும் இலையைப் பார்த்து வெந்திருக்கிறான். அவனுக்காக இரங்கினேன் என்று எழுத ஆசைதான். ஆனால், அப்படி ஒரு தாய் அவனுக்கு வாய்த்தாளே என்றுதான் எனக்குத் தோன்றியது. பொறாமை போகவில்லை, இடம் மாறி உட்கார்ந்தது.

"சாப்பிடாமப் போகக்கூடாது" என்றான். போனேன். இரண்டு இலை போட்டிருந்தார்கள். அவன் மனைவி சோறு, கத்தரிக்காய்க் குழம்பு, மாவடு வைத்தாள். ஒருவர் இலையை ஒருவர் பார்த்துக்கொண்டே சாப்பிட்டோம். புறப்படும்போது வண்டிக்கூலி எட்டணாவை நான் எடுக்குமுன் அவன் கொடுத்துவிட்டான். அதிலும் முந்திக்கொண்டானே என்று எனக்குக் கோபம். நாலரை மணிக்கு அரிமளத்தில் பஸ் ஏறினேன்.

மே 22, செவ்வாய், தஞ்சாவூர். காலையில் காப்பியை வைத்துவிட்டுக் கமலம் எதிரில் உட்கார்ந்தாள். ஒன்றுவிடாமல் சொன்னேன். கறுப்பு மை, சிவப்பு மை, ஆச்சி, தம்பி எல்லாம். தம்பி என்று என் வாயில் அப்போதுதான் முதன்முதலாக வந்தது. அவள் முழுக்கக் கேட்டுவிட்டு, "எல்லாம் சரி. உங்க அம்மா பேரு அந்தப் புஸ்தகத்துல எங்கேயாவது இருந்துதா?" என்றாள்.

அந்த நான்கு வரிகளைப் பத்துத் தடவை படித்திருப்பேன். அம்மா பெயரை ஒரு தடவைகூடத் தேடவில்லை. இருக்காது என்று தெரிந்ததால் தேடாமல் விட்டேன் என்றும் சொல்ல முடியாது. எனக்கு நினைவே வரவில்லை. பர்மாவும் அந்த வருஷம் இதே கணக்கில்தான் சேர்ந்திருந்தது. அப்படியானால் மோல்மேனில் எங்கள் மர வீட்டுக்கும் ஒருவர் விளக்கோடு வந்திருப்பார். வீட்டில் யார் யார் என்று கேட்டிருப்பார். அம்மா என்னைப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு, யாரும் உள்ளேயிருந்து திருத்தத் தேவையில்லாமல், என் மகன் என்று என் பெயரைச் சொல்லியிருப்பாள். இருபத்தைந்து வருஷத்தில் அந்தப் புத்தகத்தைப் பார்க்க வேண்டும் என்று எனக்கு ஒருநாளும் தோன்றியதில்லை.

"பார்க்கலை" என்றேன் கமலத்திடம்.