பெத்தம்மாளின் ஆறு வருடப் பட்டை

பெத்தம்மாளுக்கு ஐம்பத்து நான்கு வயது. இன்னும் எத்தனை வருடம் வேலை செய்வீர்கள் என்று கேட்டால் மரத்தைக் காட்டுவார். ரப்பர் மரத்தில் ஒவ்வொரு வெட்டும் அரிசி கனத்துக்குப் பட்டையைச் சீவி எடுக்கிறது. வெட்டுக்கோடு கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே இறங்குகிறது. ஒருநாள் விட்டு ஒருநாள் வெட்டினால், அவர் வெட்டும் முந்நூறு மரங்களில் மிச்சமிருக்கும் பட்டை ஆறு வருடத்துக்கு வரும். அதற்குள் அறுபது ஆகிவிடும். பிறகு பால் வெட்டும் உளியைக் கீழே வைத்துவிடலாம்.

யாரும் சொல்லாமல் தானாக வைக்க வேண்டும் என்பதுதான் அவருக்கு முக்கியம். பிறந்த தோட்டத்தை விற்றபோது அவருக்கு இருபத்திரண்டு வயது. அடுத்துப் போன தோட்டம் வீடமைப்புத் திட்டமாகிவிட்டது. பிறகு மலாக்கா டவுனில் ஓர் ஆபீஸ் கட்டடத்தில் இரண்டு வருடம் துப்புரவு வேலை.

"கக்கூஸுக்குப் போறதக்கூட சூப்பர்வைசர்கிட்ட சொல்லிட்டுத்தான் போகணும்" என்றார் என்னிடம். "மரம் அதெல்லாம் கேக்காதுலா."

அலோர் காஜா பக்கம் ஆறு ஏக்கர் ரப்பர் வைத்திருக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியர் தம்புசாமி, பாதிப் பங்குக்குப் பால் வெட்ட அவரை அழைத்தார். அன்றிலிருந்து தினமும் புக்கிட் காத்திலிலிருந்து மோட்டார் சைக்கிளில் போய் வருகிறார். போன வருடம் தம்புசாமி மரங்களைச் சாய்த்துவிட்டு எண்ணெய்க்காகச் செம்பனை நட முடிவெடுத்தார். அதைத் தள்ளிப்போட வைத்தவன் புவனேஷ். என்னோடு பள்ளியில் படித்தவன். சுற்றுலாப் பயணிகளை வேனில் ஏற்றிக்கொண்டு மலாக்காவைக் காட்டுகிறான். சனிக்கிழமைகளில் ரப்பர் தோட்டத்துக்கு ஆட்களைக் கூட்டி வருகிறேன், வாடகை தருகிறேன் என்றான்.

நான்கு வருடம் வெளிநாடுகளில் சுற்றிவிட்டு வந்திருந்த நான் அவனுக்கு மொழிபெயர்ப்பாளராகச் சேர்ந்தேன். போன இடங்களில் ஆட்கள் காசு கொடுத்துத் திராட்சை மிதிப்பதையும் தேயிலை கிள்ளுவதையும் பார்த்திருந்தேன். வருகிறவர்களும் உளியைப் பிடித்து வெட்டிப் பார்க்கட்டும் என்று சொன்னது நான்தான்.

முதல் சனிக்கிழமை காலை பத்து மணிக்கு இருபத்தெட்டுப் பேர் வந்தார்கள். பாதையோரத்து மரம் ஒன்றில் வரிசையாக நின்று வெட்டினார்கள். சிலர் உள்மரம் தெரியும்வரை வெட்டினார்கள். வெயில் ஏறிவிட்டதால் பால் சொட்டுச் சொட்டாகத்தான் வந்தது. ஆனாலும் படம் எடுத்துக்கொண்டு சந்தோஷமாகப் போனார்கள். வேன் போனதும் பெத்தம்மாள் குந்தி உட்கார்ந்து வெட்டை விரலால் அளந்தார்.

"என்னக்கா?" என்றான் புவனேஷ்.

"நாலு மாசப் பட்டை தம்பி. ஒரு மணி நேரத்துல தின்னுட்டுப் போயிட்டாங்க."

"ஒரு மரம்தானேக்கா. முந்நூறு இருக்குல?"

"காயம் பட்ட எடத்துல முண்டு முண்டாத்தான் பட்டை வளரும். அப்புறம் அங்க உளி ஓடாது. நீ வாரா வாரம் ஒரு மரம் கேப்ப. அப்ப நான் எதை வெட்ட?"

அடுத்த வாரம் பால் வற்றிப்போன ஒரு மரத்தைக் காட்டினார். வெட்டினார்கள், ஒன்றும் வரவில்லை. மரம் கெட்டுப்போய்விட்டதா என்று ஒரு பெண் என்னிடம் கேட்டார். அன்று மாலையே இணையத்தில் திட்டி எழுதியிருந்தார்கள். அதற்கடுத்த வாரம் மூன்று பேர்தான். தம்புசாமி புவனேஷைக் கூப்பிட்டு, ஆள் வராவிட்டால் மழைக்காலத்தில் செம்பனைக் கன்று இறங்கிவிடும் என்றார்.

மூன்றாம் நாள் பெத்தம்மாள் எங்கள் இருவரையும் தோட்டத்துக்கு வரச் சொன்னார்.

"ஆறரைக்கு ஆளுங்களக் கூட்டிட்டு வா."

"ஹாலிடேக்கு வந்தவன் எவன்க்கா அந்நேரத்துக்கு எழுந்திரிப்பான்? ஹோட்டல்ல பிரேக்பாஸ்டே ஏழு மணிக்குத்தான்."

"பசியாற நான் தோசை சுட்டுக் கொண்டாரேன். ஆளுக்கு ஒரு மரம். நான் எப்படியும் அன்னிக்கு வெட்டப்போற மரம். அவங்க கைமேல என் கை இருக்கும். ஒரே ஒரு வெட்டு."

"மழை பேஞ்சா?"

"நானே வரமாட்டேன். அவங்களயும் படுத்துத் தூங்கச் சொல்லு." என் பக்கம் திரும்பினார். "நீ எழுந்திரிச்சிருவியாம்மா? எட்டு மணி வரைக்கும் தூங்குறியாமே, உங்கம்மா சொல்லுது."

ஒன்பது பேர் வந்தார்கள். எங்கள் ஊரில் ஏழு மணிக்குத்தான் விடியும். இன்னும் இருட்டாக இருந்ததால் தலையில் விளக்குக் கட்டிக்கொண்டு மர நிரையில் நடந்தோம். பருமனான ஒருவர் ரொம்ப அழுத்தினார்.

"இந்தா, மெதுவா. ரொட்டியா வெட்டுற?" என்று பெத்தம்மாள் அவர் விரலைத் தட்டினார். மெதுவாக என்பதை மட்டும் மொழிபெயர்த்தேன். பட்டை மெல்லிய சுருளாக விழுந்தது. கோட்டு வழியே பால் இறங்கி, மரத்தில் கட்டியிருந்த மங்குக் கிண்ணத்தில் சொட்டியது. அந்த மனிதர் மங்கு கால்வாசி நிறையும்வரை நகரவில்லை.

மீதி மரங்களை வெட்டி முடிப்பதற்குள் வெயில் வந்துவிட்டது. அன்று பால் குறைந்தது. இனி ஒரு நாளைக்குப் பன்னிரண்டு பேருக்கு மேல் வேண்டாம் என்று பெத்தம்மாள் சொல்லிவிட்டார். புவனேஷுக்கு அது பிடிக்கவில்லை. ஆனால் இரண்டு மாதமாகப் பன்னிரண்டு இடமும் நிறைகிறது.

போன சனிக்கிழமை தம்புசாமி வந்து மூன்று தோசை சாப்பிட்டார். "செம்பனைக் கன்னு வேணாம்னு சொல்லிட்டேன் பெத்தம்மா. இந்த வருசத்துக்கு."

பெத்தம்மாள் உளியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"அப்ப ஆறுல ஒண்ணு கெடச்சிருச்சு. மிச்சம் அஞ்சு வருசம், வாத்தியாரே" என்றார்.