சவரக்கத்தியும் நடுவில் குழிந்த கல்லும்

யுத்தம் முடிந்தபின் முதன்முறையாக சுவிஸிலிருந்து வந்திருக்கும் என் மைத்துனர், மனைவியின் தம்பி, எனக்கென்று ஒரு புதிய சவரக்கத்தி கொண்டுவந்தார். முதல் நாளே கன்னத்தில் இரத்தம். சமையலறையில் கத்தி தீட்டும் பழைய கல்லில் தினமும் தீட்டிப் பார்த்தேன். அது தாடியை வெட்டாமல் பிடுங்கியது.

நேற்று மனைவி சொல்லிவிட்டார்: "நாளைக்கு குருக்கள்மடம் ஊரில கலியாணம். இன்னொரு காயம் பட்டா இந்தக் கத்திய வாவிக்குள்ள எறிஞ்சிருவன்."

இன்று காலை கத்தியின் விளிம்பு முழுவதும் மார்க்கர் பேனையால் மை பூசி, கல்லில் ஒருமுறை இழுத்துப் பார்த்தேன். விளிம்பின் இரண்டு முனைகளிலும் மை அழிந்திருந்தது. நடுவில் அப்படியே இருந்தது.

நான் படிப்பிக்கும் வகுப்பில் "விளங்கிச்சா?" என்று கேட்டால் முன்வரிசை வாங்கும் பின்வரிசை வாங்கும் "ஓம் சேர்" என்று சொல்லும். நடுவரிசை வாங்கு பேசாமல் இருக்கும். அதே கதைதான். கல் தேய்ந்து நடுவில் குழிந்திருந்ததால், கத்தியின் நடுப்பகுதி அதைத் தொடவே இல்லை.

சீமெந்துத் தரையில் மணலும் தண்ணீரும் போட்டு, கல் மட்டமாகும்வரை தேய்த்தேன். பிறகு கத்தியைத் தீட்டி, தோல் பெல்ட்டில் இழுத்து எடுத்தேன்.

கன்னத்தில் கத்தி போனதே தெரியவில்லை. ஒரு துளி இரத்தமும் இல்லை.

மைத்துனர் என் கன்னத்தைத் தடவிப் பார்த்தார்.

"எந்தச் சலூன், அத்தான்?"

"வீட்டுச் சலூன்தான்."

"அப்ப எனக்கும் ஒருக்கா சேவ் எடுத்துவிடுங்க" என்று கதிரையில் சாய்ந்துவிட்டார்.

குசினிக்குள் சமைத்துக்கொண்டிருந்த மனைவி ஓடிவந்தார். "கவனம், தம்பிர கழுத்து."

இத்தனை நாளும் என் கழுத்துக்காக அப்படி ஒரு வார்த்தை வந்ததில்லை. உங்கள் வீடுகளிலும் இப்படித்தானா?