பழுது பார்க்கத் தெரிந்தவள்

காமினிக்குக் கோபம் வந்தால் குரல் உயராது, தாழும். அந்த ஞாயிற்றுக்கிழமை பாகான் டாலாமில் வள்ளியம்மாவின் வீட்டுப் பின்புறம் நின்றபோது அவள் பேசியது கிட்டத்தட்டக் கேட்கவே இல்லை.

"யாருக்கா இது இனிமே ஓடாதுன்னு சொன்னது?"

"ஒங்க கம்பெனி ஆளுதான் லா. ஆப்ல கூப்பிட்டேன், வந்தாரு. போர்டு போச்சு, செஞ்சாலும் நிக்காதுன்னாரு. ஃபோன்லயே தவணை போட்டு புது மெஷின் குடுத்துட்டாரு."

உணவுக்கடைகளின் மேசைத்துணிகளைத் துவைத்துக் கொடுத்துப் பிழைப்பவர் வள்ளியம்மா. பக்கத்து வீட்டில் இருக்கும் தன் சித்தியிடம் சாப்பிட வந்த காமினியை, பழைய வாஷிங் மெஷினை இரும்புக்கு எடுப்பார்களா என்று கேட்கத்தான் கூப்பிட்டார். காமினி பின்மூடியைக் கழற்றினாள். மெஷினை இயக்கும் மின்சுற்றுப் போர்டுக்கு ஒன்றுமில்லை. தண்ணீர் வால்வுக்குப் போகும் ஒயரை எலி கடித்திருந்தது. பத்து நிமிடத்தில் அதை இணைத்தாள்; பழையது ஓடத் தொடங்கியது.

வள்ளியம்மா படியில் உட்கார்ந்துவிட்டார். "அப்ப மூணு வருஷத்துக்கு நான் எதுக்கும்மா கட்டணும்?"

காமினி பின்மூடியைத் திரும்ப மாட்டினாள். அந்த நிறுவனத்தைத் தொடங்கிய இருவரில் அவளும் ஒருத்தி.

புக்கிட் தெங்காவில் ஒரு தொழிற்சாலையில் பதினொரு ஆண்டுகள் போர்டுகளைச் சோதிக்கும் வேலை பார்த்தவள் அவள். கூட வேலை செய்த ஹரீஷுக்கு ஆப் எழுதத் தெரியும். 'தூக்கிப் போடாதீங்க, செஞ்சு தர்றோம்' என்று இருவரும் ஒரு பழைய வேனில் ஆரம்பித்தார்கள். பிறகு கோலாலம்பூரிலிருந்து முதலீடு வந்தது. கண்ணாடிச் சுவர் ஆபீஸ் வந்தது, விளம்பரத்தில் காமினியின் படம் வந்தது. பத்து வீட்டுக்குப் போனால் நான்கு வீட்டிலாவது புது மெஷின் விற்க வேண்டும் என்ற கணக்கும் வந்தது. அதைத் திரையில் பார்த்தபோது அவள் ஒன்றும் கேட்கவில்லை. அந்த நினைப்புத்தான் அவளை அதிகம் எரித்தது.

திங்கட்கிழமை காலை ஹரீஷின் மேசைக்கு முன்னால் நின்றாள்.

"அக்கா, ரிப்பேர்ல வளர்ச்சி இல்ல. ஒரு ஆளு ஒரு நாளைக்கு அஞ்சு வீடுதான் போக முடியும். காசு போட்டவங்க கேக்குறாங்க, நான் என்னா செய்றது?"

"அந்த அம்மா என் மூஞ்சியப் பாத்து நம்பிக் கூப்பிட்டாங்க."

"ஒரு கேஸ்தானேக்கா."

"ஒண்ணா? ரெக்கார்ட தொற."

மதியம் வரை உட்கார்ந்து படித்தாள். 'போர்டு பழுது' என்று நானூறுக்கும் மேற்பட்ட வீடுகள். பதினொரு ஆண்டு போர்டுகளோடு இருந்தவளுக்கு அந்த எண் பொய் என்று தெரிந்தது. வள்ளியம்மாவின் புது மெஷினைத் திரும்ப எடுத்துக்கொள்ள நிறுவனம் சம்மதித்தது. மற்ற வீடுகளுக்கு எதுவும் செய்ய மறுத்தது. தன் படத்தை விளம்பரத்திலிருந்து எடுக்கச் சொல்லி, ராஜினாமாவோடு தன் பங்கையும் எழுதிக் கொடுத்துவிட்டு வெளியேறினாள்.

காரை விற்றாள். சேமிப்பையும் சேர்த்து ஜெலுத்தோங்கில் ஒரு மோட்டார் சைக்கிள் பட்டறைக்குப் பக்கத்தில் சின்னக் கடை எடுத்தாள். தொழிற்சாலையில் தன்னோடு இருந்த ரோஹானாவை வேலைக்குச் சேர்த்துக்கொண்டாள். கழற்றிய பாகத்தை வாடிக்கையாளர் கையில் கொடுத்துக் காட்டாமல் ஒரு மெஷினும் கடையை விட்டுப் போகாது. முதல் வருடம் கஷ்டம்தான். இரண்டாம் வருடம் இரண்டு பேருக்கும் சம்பளம் தடையில்லாமல் வந்தது.

அப்போதுதான் ஹரீஷ் வந்தான்.

"அக்கா, கம்பெனி ஒங்க கடையில காசு போட ரெடி. அஞ்சு கிளை, ஒங்க பேர்லயே."

"எத செய்றது, எத விக்கிறதுன்னு யாரு சொல்லுவா?"

"காசு போடுறவங்களும் கேப்பாங்கதான் லா."

"அப்ப வேணாம்."

"இப்படியே ஒரு கடையோட நின்னுடுவீங்களா?"

"நிப்பேன். நீ அந்த நானூறு வீட்டு அட்ரஸ குடு. நானே போய்ப் பாக்குறேன்."

"அதெல்லாம் வெளிய குடுக்க முடியாதுக்கா, சட்டம் இருக்கு."

"அந்த அம்மாங்க தலையில மெஷினக் கட்டுனப்ப சட்டம் எங்க போச்சு? எந்திரிச்சுப் போ, ஹரீஷ்."

அவன் போனதும் ஒரு பலகை எழுதி வாசலில் மாட்டினாள். அந்த நிறுவனத்தின் பெயரைச் சொல்லி, அவர்கள் 'போர்டு போச்சு' என்று சொன்ன மெஷின் எதுவானாலும் இங்கே இலவசமாகப் பார்க்கப்படும் என்று. ஒரு வாரத்தில் வக்கீல் கடிதம் வந்தது. பெயரை மட்டும் கறுப்பு மையால் அடித்துவிட்டுப் பலகையை அப்படியே விட்டாள்.

சனிக்கிழமை கடை முன்னால் மூன்று மெஷின்கள் நின்றன. ஒன்றுக்கு உண்மையாகவே போர்டு போயிருந்தது. மற்ற இரண்டையும் காமினி திறந்து பார்த்தாள். ஒன்றில் அடைத்த குழாய், இன்னொன்றில் தேய்ந்த பெல்ட். "இதுக்கும் போர்டு போச்சாம்" என்று அவள் சொன்னது கிட்டத்தட்டக் கேட்கவே இல்லை. அந்தக் குரலை அறிந்த ரோஹானா சற்றுத் தள்ளியே நின்று ஸ்க்ரூடிரைவரை நீட்டினாள்.