பெயரில்லாத வரவு

எங்கள் ஆய்வு மையத்தின் செலவுப் பட்டியல் சிறியது: மாடி வாடகை, கரண்ட், ஸ்கேனர் பழுது, என் சம்பளம். வேம்பார் முதல் தெற்கே கடலோரம் உள்ள கத்தோலிக்கக் கோயில்களின் பழைய ஞானஸ்நானப் பதிவேடுகளை ஸ்கேன் செய்து, பெயர்களைக் கணினியில் ஏற்றுவது வேலை. நான் ஒருத்திதான், கணக்கும் நானே. மையத்தை நடத்தும் பாதிரியார் உடல்நலமில்லாமல் மதுரையில் இருந்தார்.

வரவுப் பட்டியல் அதைவிடச் சிறியது. அதில் ஒரு வரி, திரேஸ்புரத்தில் மீன் விற்கும் ஓர் அம்மா. மாதத்தின் முதல் சனிக்கிழமை கூடையைப் படிக்கட்டடியில் வைத்துவிட்டு மேலே வந்து ஐந்நூறு ரூபாய் தருவார். கப்பலில் வேலை பார்க்கும் மகன் நல்லபடியாகத் திரும்ப நேர்ச்சை. கோயில் உண்டியலில் போடலாமே என்றேன்.

"எங்க முன்னோர் பேரெல்லாம் இங்கனதான கெடக்கு. அவுகளும் வேண்டட்டும்."

பத்து நிமிடம் உட்கார்வார். "ஏளா, செத்தவுக பேரையே தட்டிக்கிட்டு இருக்கியே, உயிரோட ஒருத்தன் ஆப்புடலையா ஒனக்கு?" அந்த அறைக்கு வேறு யாரும் வருவதில்லை.

ஆண்டுக் கணக்கின்போது, பெயரில்லாத வரவே இருக்கக்கூடாது என்றார் ஆடிட்டர். அம்மாவிடம் சொன்னேன்.

"குடுத்தது யாருன்னு வெளிய தெரிஞ்சா நேர்ச்சை பலிக்காதுளா. எழுதிராத."

பெயர் எனக்குத் தெரியும். கணக்கில் அவர் வரிக்கு நேரே இருந்த காலிக் கட்டம் என்னை உறுத்தியது. எழுதினேன். வழக்கப்படி நன்கொடையாளர் பட்டியலை அச்சிட்டு மாடிப்படிச் சுவரிலும் ஒட்டினேன்.

அடுத்த முறை மேலே ஏறி வரும்போதே அதைப் படித்துவிட்டார். வாசலிலேயே நின்றார்.

"எம் பிள்ளை இன்னும் கடல்லதானளா கெடக்கான்?"

அவ்வளவுதான். உட்காரவில்லை.

பட்டியலை அன்றே கிழித்தேன். மறுமாதம் நாற்காலியைத் துடைத்து வைத்துக் காத்திருந்தேன். வரவில்லை. திங்கட்கிழமை கதவைத் திறந்தால், அடியில் தள்ளிவிட்ட ஐந்நூறு ரூபாய் தரையில் கிடந்தது. மீன் வாடை.

ஆடிட்டருக்குப் போன் செய்தேன். "பேர் தெரியாத வரவு ஒண்ணு இருக்கு சார். அதுக்குத் தனியா வரி வந்தா கட்டிருவோம்."

"தெரியாதா, சொல்ல மாட்டீங்களா?"

"தெரியாது சார்."

இப்போது முதல் சனிக்கிழமைகளில் அலுவலகத்துக்கு ஒரு மணி நேரம் தாமதமாகவே போகிறேன். படிக்கட்டடியில் கூடை வைத்திருந்த ஈரம் காய்ந்திருக்காது. அதை மிதிக்காமல் மேலே ஏறுவேன்.